வேகச் செஸ்: கை வேகமா, செக்கன் கணக்கா?

"அண்ணே, ஒரு கோட்டை அதிகமா வச்சிருந்தேன். டைம்ல அடிச்சிட்டான்."

ஒன்லைனில் செஸ் ஆடும் பிள்ளைகள் உள்ள ஊரில் இந்தப் புலம்பல் புதிதல்ல. ஹட்டன் பஸ் தரிப்பிடமாக இருக்கட்டும், பண்டாரவளை ரியூசன் வாசலாக இருக்கட்டும், பக்கத்தில் நிற்கும் ஒருவர் உடனே தீர்ப்பும் சொல்லிவிடுவார்: "அது செஸ்ஸே இல்லடா தம்பி, வெறும் கை வேகம்."

புலம்பலும் சரியில்லை, தீர்ப்பும் சரியில்லை. நேரம் தீர்ந்து தோற்பது களவு போவதல்ல. கை வேகத்தால் மட்டும் யாரும் தொடர்ந்து வெல்வதுமில்லை. வேகச் செஸ் ஆடும் ஒருவரின் பாணியைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், தன் செக்கன்களை அவர் எங்கே செலவழிக்கிறார், எதிராளியின் செக்கன்களை எங்கே கரைக்கிறார் என்று பார்க்க வேண்டும். தாக்குகிறாரா தடுக்கிறாரா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எவ்வளவு வேகம் வேகம்?

ஆளுக்கொரு உண்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வந்தால் உங்கள் உண்டியலிலிருந்து மட்டும் காசு குறையும். நீங்கள் காயை நகர்த்தியதும் அது நின்று, எதிராளியின் உண்டியல் குறையத் தொடங்கும். செஸ் கடிகாரம் இவ்வளவுதான். முதலில் காலியாகிறவர் தோற்றார்.

ஆட்டத்துக்குக் கொடுக்கும் நேரத்தை 3+0, 3+2 என்று எழுதுவார்கள். முதல் எண் தொடக்கத்தில் கிடைக்கும் நிமிடங்கள். இரண்டாவது, ஒவ்வொரு நகர்வுக்கும் திரும்பக் கிடைக்கும் செக்கன்கள். இதற்குக் 'கூடுதல்' என்று பெயர். கூடுதல் தரும் கடிகாரத்துக்கு 1989இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் அமெரிக்க ஆட்டக்காரர் பொபி ஃபிஷர். உலக பிளிட்ஸ் சம்பியன் போட்டி 3+2இலும், உலக ரபிட் போட்டி 15+10இலும் ஆடப்படுகின்றன.

புல்லட், பிளிட்ஸ், ரபிட் என்ற பெயர்களைப் பலரும் கலந்து பேசுகிறார்கள். ஒன்லைனில் செஸ் ஆடும் லீசெஸ் தளம் போடும் கணக்கு எளிது: தொடக்க நேரத்தோடு 40 நகர்வுகளின் கூடுதலைச் சேர்க்க வேண்டும். மொத்தம் 3 நிமிடத்துக்குக் குறைவு என்றால் புல்லட், 8 நிமிடத்துக்குக் குறைவு என்றால் பிளிட்ஸ், 25 நிமிடத்துக்குக் குறைவு என்றால் ரபிட். (30 செக்கனுக்கும் குறைந்த ஆட்டத்துக்குத் தனிப் பெயர் உண்டு. புதியவர்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.) இன்னொரு தளமான செஸ்.கொம்மின் எல்லைகள் கொஞ்சம் வேறு. இரண்டு தளங்களிலும் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) உண்டு. தளத்துக்குத் தளமும் அது மாறும். ஆகவே "அவன் 1600" என்று மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது. எந்தத் தளத்தில், எந்த வேகத்தில் என்று கேட்க வேண்டும்.

இப்போது ஒரு வகுத்தல். 3+0 என்றால் 180 செக்கன். 40 நகர்வுக்குப் பகிர்ந்தால் ஒரு நகர்வுக்கு நாலரைச் செக்கன். 3+2 என்றால் 40 நகர்வில் 80 செக்கன் மேலதிகமாக வரும். ஒரு நகர்வுக்கு ஆறரைச் செக்கன். 1+0இல் ஒன்றரைச் செக்கன்தான். பெயரளவில் இரண்டே செக்கன் வித்தியாசம் என்றாலும், 3+0உம் 3+2உம் இரண்டு வேறு விளையாட்டு என்றே சொல்லலாம். 3+2இல் இரண்டு செக்கனுக்குள் நகர்த்திக்கொண்டே இருப்பவரின் நேரம் தீராது. 3+0இல் எல்லோருக்கும் தீரும்.

ரம்பொடை வளைவும் நாலரைச் செக்கனும்

நாலரைச் செக்கன் என்றதும் புதியவர் ஒவ்வொரு நகர்வுக்கும் அதே நாலரையைக் கொடுக்கப் பார்ப்பார். பிழை தொடங்குவது அங்கேதான்.

கம்பளையிலிருந்து ரம்பொடை வழியாக நுவரெலியா ஏறும் பஸ்ஸின் சாரதியைக் கவனித்துப் பாருங்கள். அவர் ஒரே வேகத்தில் ஓட்டுவதில்லை. நேர்ப்பாதை கிடைத்தால் விரட்டுவார். கொண்டையூசி வளைவு வருமுன்னே கியரைக் குறைத்து, ஹோர்ன் அடித்து, எதிரே லொறி வருகிறதா என்று பார்த்துத்தான் திருப்புவார். நேரத்துக்குப் போய்ச் சேர்வது வளைவில் விரட்டியதால் அல்ல, நேர்ப்பாதையில் சும்மா மெல்லப் போகாததால்.

பிளிட்ஸில் வளைவு என்று சொல்லத்தக்க இடங்கள் மூன்று. எதிராளி நீங்கள் நினைத்தே பார்க்காத நகர்வொன்றை வைக்கும்போது. காய்கள் நேருக்கு நேர் மோதி நின்று, வெட்டலாமா விடலாமா என்று இரண்டு மூன்று வழி இருக்கும்போது. திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செய்யப்போகும்போது: ராணிகளை மாற்றிக்கொள்வது, ராஜாவின் முன் நிற்கும் சிப்பாயைத் தள்ளுவது போன்றவை. சிப்பாய் பின்னால் வராது. இந்த இடங்களில் 10, 15 செக்கன் கொடுத்தாலும் தகும். மற்ற நகர்வுகளுக்கு ஒன்றிரண்டு செக்கன் போதும்.

3+0க்கு ஒரு பட்ஜெட்: முதல் 10 நகர்வுக்கு 20 செக்கன், அடுத்த 15 நகர்வுக்கு 90 செக்கன், மிச்சம் 70 செக்கன் கடைசிக் கட்டத்துக்கு. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை போல ஒவ்வொரு செக்கனையும் குறித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பத்தாவது நகர்வில் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தால் போதும். அங்கே 2:20தான் இருக்கிறது என்றால் தொடக்கத்திலேயே இரட்டிப்புச் செலவு.

அதிகம் வீணாவது எங்கே என்று கேட்டால், கடினமான இடத்தில் அல்ல. இரண்டு நல்ல நகர்வுகளில் எது இன்னும் நல்லது என்று யோசிக்கும் இடத்தில்தான். குதிரையை இங்கே வைத்தாலும் சரி, அங்கே வைத்தாலும் சரி என்ற நிலையில் 25 செக்கன் போய்விடும். இரண்டும் நல்லது என்று பட்டால் ஏதாவது ஒன்றை ஆடிவிட வேண்டும்.

இதுவரை: ஒவ்வொருவருக்கும் தனிக் கடிகாரம், சராசரி நாலரைச் செக்கன், அதைச் சமமாகப் பங்கிடாமல், மூன்று வகை வளைவுக்குச் சேமித்து வைக்க வேண்டும்.

கொழுந்து பார்க்கும் கண்

ஒன்றிரண்டு செக்கனில் எப்படி நல்ல நகர்வு கண்ணில் படும்? இந்தக் கேள்விக்கான விடையைத் தேயிலை மலையில் தினமும் பார்க்கலாம்.

புதிதாகக் கொழுந்தெடுக்கப் போகிறவர் செடியின் முன் நின்று இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே என்று தேடுவார். பல வருடம் எடுத்தவர் தேடுவதில்லை. பேச்சு ஒரு பக்கம் நடக்கும், இரண்டு கைகளும் தம் பாட்டில் கிள்ளும், முற்றிய இலை கைக்குள் வராது. விரல் வேகம் என்று வெளியே தெரிவது உண்மையில் கண்ணின் பழக்கம். எதை எடுக்க வேண்டும் என்பதைவிட, எதைப் பார்க்கவே தேவையில்லை என்பதைக் கண் முடிவு செய்துவிடுகிறது.

செஸ்ஸில் இதற்கு நிகரானதைக் 'கோலம்' என்று அழைப்போம்: சில காய்கள் சேர்ந்து நிற்கும் பழகிய அமைப்பு. 1973இல் சேஸ், சைமன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். உண்மையான ஆட்டமொன்றின் பலகையை 5 செக்கன் காட்டி மறைத்தபோது, தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கினார். தொடக்கநிலைக்காரரால் சிலவற்றைத்தான் அடுக்க முடிந்தது. அதே காய்களைத் தாறுமாறாக இறைத்துக் காட்டியபோது இருவருக்கும் இடையிலான அந்தப் பெரிய வித்தியாசம் மறைந்துவிட்டது. தேர்ந்தவரின் ஞாபகசக்தி பெரிதல்ல. அவர் இருபது காயைப் பார்க்கவில்லை, நாலைந்து கோலங்களைப் பார்த்தார்.

ஓர் உதாரணம். ராஜா மூலையோரம் ஒதுங்கி நிற்கிறார். முன்னே மூன்று சிப்பாய்கள் அசையாமல் நிற்கின்றன. கடைசி வரிசையைக் காக்கக் கோட்டையோ ராணியோ இல்லை. எதிராளியின் கோட்டை அந்த வரிசைக்கு வந்தால் ஆட்டம் முடிந்தது. சொந்தச் சிப்பாய்களே ராஜாவுக்குச் சிறைச்சுவர். 'கடைசி வரிசை மேட்' (மேட் என்றால் ராஜா தப்ப வழியில்லாத செக்) என்ற இந்தக் கோலத்தை நூறு தடவை பார்த்தவருக்கு இதைக் கணக்குப் போடத் தேவையில்லை. கண்ணில் குத்தும்.

1970இல் அன்றைய யூகோஸ்லாவியாவின் ஹெர்செக் நோவியில் நடந்த பிளிட்ஸ் போட்டியில் ஃபிஷர் 22 ஆட்டங்களில் 19 புள்ளி எடுத்தார். இரண்டாமிடம் வந்த முன்னாள் உலக சம்பியன் மிகயில் தாலுக்கு 14.5. இரண்டு வருடம் கழித்து நீண்ட ஆட்டத்தில் உலக சம்பியனானவரும் அதே ஃபிஷர்தான். "வேகச் செஸ் வேறு, உண்மையான செஸ் வேறு" என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நீண்ட ஆட்டத்தில் சேர்த்த கோலங்களைத்தான் பிளிட்ஸில் செலவழிக்கிறார்கள்.

புதியவர் இதற்குச் செய்ய வேண்டியது, நகர்த்துமுன் மூன்று பார்வை: யாருக்கு யார் செக் கொடுக்கலாம், யார் யாரை வெட்டலாம், காவலில்லாமல் நிற்கும் காய் எது. முதலில் இதற்கே எட்டுச் செக்கன் பிடிக்கும். பழகப் பழக இரண்டாகும்.

பாணி என்பது எங்கே தெரியும்?

செக்கன்களைச் செலவழிக்கும் விதத்தை வைத்துப் பார்த்தால் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் மூன்று விதம். ஒருவரே மூன்றாகவும் இருக்கலாம்.

ஒரே பாதைக்காரர் முதலாமவர். எதிராளி எதை ஆடினாலும் தன் காய்களை ஒரே இடங்களில் வைப்பார். இதற்குப் பெயர்போனது லண்டன் முறை: ராணி முன் சிப்பாய் இரண்டு கட்டம், ராணிப்பக்க பிஷப் எஃப்4 கட்டத்துக்கு (பலகையின் நெடுவரிசைகளுக்கு ஏ முதல் எச் வரை எழுத்து, குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண்), பிறகு ராஜா முன் சிப்பாய் ஒரு கட்டம், பின்னால் குதிரை. எட்டு நகர்வு பத்துச் செக்கனில் முடியும். எதிராளி அதற்குள் 40 செக்கன் செலவழித்திருந்தால் அந்த முப்பது செக்கன் இனாம். ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. கை தானாக ஆடும்போது கண் தூங்கிவிடும். பிஷப் வெளியே போனதும் பி2 சிப்பாய்க்கு இருந்த காவல் போகிறது. கறுப்பு ராணி பி6க்கு வந்து அதைக் குறிவைப்பதைக் கவனிக்காமல் எட்டாவது நகர்வு வரை மனப்பாடம் ஒப்பிப்பவர்கள் ஏராளம்.

இரண்டாமவர் கொடுத்து வாங்குபவர். தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைத் தானாகக் கொடுத்துத் தன் காய்களை வேகமாக வெளியே கொண்டுவருவார். இதற்குக் 'கேம்பிட்' என்று பெயர். டேனிஷ் கேம்பிட்டில் இரண்டு சிப்பாய்களைக் கூடக் கொடுத்து, இரண்டு பிஷப்புகளையும் எதிராளி ராஜாவின் பக்கம் பார்க்க வைப்பார்கள். நிதானமாக யோசித்தால் கறுப்புக்குப் பதில் உண்டு. ஆனால் அந்தப் பதிலைத் தேட 15, 20 செக்கன் வேண்டும், அடுத்த நகர்விலும் வேண்டும். கொடுத்த சிப்பாய்க்கு விலையாக அவர் வாங்குவது அந்த நேரத்தைத்தான். இதே ஆட்டத்தை 15 நிமிடத்தில் ஆடிவிட்டு "எனக்கு மட்டும் ஏன் வேலை செய்யவில்லை" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

மூன்றாமவர் விடாக்கண்டன். இவரிடம் வெல்வதுதான் உண்மையில் சிரமம். ஒரு குதிரை குறைவாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு நகர்விலும் ஒரு சின்ன மிரட்டல் இருக்கும்: ஒரு வெட்டு, ஒரு செக், ஒரு பொறி. ராணியை மாற்றிக்கொள்ள ஒத்துக்கொள்ள மாட்டார், ஏனென்றால் பலகை எளிதானால் எதிராளிக்கு யோசனை தேவைப்படாது. நேரத்தில் பின்தங்கியவர் பலகையை எளிதாக்கப் பார்ப்பார். காயில் பின்தங்கியவர் சிக்கலாக்கப் பார்ப்பார். இந்த இழுபறியை விளங்கிக்கொண்டால் பிளிட்ஸ் பாதி விளங்கியது. வேகச் செஸ்ஸில் பெயர்பெற்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஹிகாரு நகமுரா போன்றவர்கள் கெட்ட நிலையிலும் ஆட்டத்தை விட்டுக்கொடுக்காமல் ஆடுவதைப் பார்த்து, அது வெறும் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். எதிராளிக்கு இன்னும் எத்தனை செக்கன் இருக்கிறது என்பதை வைத்து எடுக்கும் முடிவு அது.

முன்நகர்வு: இரு பக்கமும் வெட்டும் கத்தி

எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் அடுத்த நகர்வை உள்ளிட்டு வைப்பது 'முன்நகர்வு'. அவர் நகர்த்திய கணமே உங்களுடையது ஆடப்படும். லீசெஸ்ஸில் இதற்கு நேரமே கழியாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வைக்கலாம். செஸ்.கொம்மில் ஒவ்வொன்றுக்கும் 0.1 செக்கன் கழியும். பலவற்றை வரிசையாக வைக்கலாம். அவருடைய நகர்வுக்குப் பின் உங்களுடையது விதிப்படி செல்லாது என்றால் அது ரத்தாகும்.

எங்கே பாதுகாப்பு? அவர் உங்கள் காயை வெட்டினால் திருப்பி வெட்டுவது என்று வைத்தால் நட்டமில்லை. வெட்டாவிட்டால் அது தானாக ரத்து. ஆனால் "வழக்கமா இதைத்தானே ஆடுவான்" என்று நம்பி வைப்பது ஆபத்து. கிட்டே போய்ப் பார்ப்போம்.

வெள்ளை, ராணி முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார். கறுப்பு, ஜி வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டு, அடுத்ததாகத் தன் பிஷப்பை ஜி7இல் வைக்க முன்நகர்வு போட்டுவிடுகிறார். இதை ஊகித்த வெள்ளை, தன் பிஷப்பை நேரே எச்6 கட்டத்தில் கொண்டுபோய் வைக்கிறார். பார்த்து ஆடினால் கறுப்பு அதைச் சும்மா வெட்டிவிடலாம். ஆனால் முன்நகர்வு முந்திக்கொள்கிறது: கறுப்பு பிஷப் ஜி7க்குப் போய் நிற்கிறது. வெள்ளை பிஷப் அதை வெட்டுகிறது. ஜி7ஐக் காக்க யாருமில்லை. மூலையிலிருக்கும் கோட்டைக்கோ நகர இடமில்லை. மூன்றாவது நகர்விலேயே ஒரு பிஷப் போய், கோட்டையும் போகப்போகிறது. மிச்சப்படுத்தியது ஒரு செக்கன்.

எதிராளி முன்நகர்வாகவே ஓட்டுகிறார் என்று தெரிந்தால், செக் கொடுங்கள். செக்குக்குப் பதில் சொல்லாத நகர்வு செல்லாது, அவர் வைத்திருந்தது ரத்தாகும். அவர் திரையைப் பார்த்துப் புதிதாக யோசிக்க வேண்டும். கடைசி ஐந்து செக்கனில் இது பெரிய ஆயுதம்.

இதுவரை: கோலம் பழகினால் யோசனை குறையும்; எந்த விலைக்கு எந்தச் செக்கனை வாங்குகிறார் என்பதே பாணி; முன்நகர்வைத் திருப்பி வெட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்வது தொடக்கநிலைக்குப் போதும்.

கொடி விழுதல்

பழைய கடிகாரங்களில் பெரிய முள் 12ஐ நெருங்கும்போது ஒரு சிறு சிவப்புக் கொடியைத் தூக்கும். நேரம் முடிந்ததும் அது தொப்பென்று விழும். இன்று கொடி இல்லை, ஆனாலும் நேரம் தீர்வதைக் 'கொடி விழுதல்' என்றுதான் சொல்கிறார்கள்.

பலருக்குத் தெரியாத விதி இது: உங்கள் நேரம் தீர்ந்தாலும், எதிராளியிடம் மேட் செய்யவே வழியில்லாத அளவுக்குத்தான் காய்கள் மிச்சம் என்றால் ஆட்டம் சமன். தனி ராஜா என்றால் எல்லாத் தளத்திலும் சமன். ஒற்றைக் குதிரை, ஒற்றை பிஷப் விடயத்தில் லீசெஸ்ஸும் செஸ்.கொம்மும் ஒரே மாதிரித் தீர்ப்பதில்லை. ஆனால் எதிராளியிடம் ஒரே ஒரு சிப்பாய் இருந்தாலும், அது ராணியாகலாம் என்பதால், தோல்விதான்.

முதலில் கேட்ட புலம்பலுக்கு இப்போது வருவோம். உங்களிடம் ராஜாவும் கோட்டையும், 6 செக்கன். அவரிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும், 15 செக்கன். ஆட்டம் 3+0. கோட்டையை வைத்துத் தனி ராஜாவை மேட் செய்ய மோசமான நிலையிலிருந்து 16 நகர்வு வரை தேவைப்படலாம். நகர்வுக்கு அரைச் செக்கன் என்றாலும் உங்களுக்கு 12 நகர்வுதான் இருக்கிறது. மேட் தேடி ஓடினால் கொடி விழும், அவர் வெல்வார். முதலில் அந்தச் சிப்பாயை வெட்டுங்கள். வெட்டிய கணத்திலிருந்து உங்களுக்குத் தோல்வி கிடையாது. கொடி விழுந்தாலும் சமன். அதற்குப் பிறகு மேட் தேடலாம்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கும் இதே கணக்குத்தான். அந்த ஒற்றைச் சிப்பாயை முன்னே தள்ளிப் பறிகொடுக்காமல் பத்திரமாக வைத்திருந்தாலே போதும். "டைம்ல அடிச்சிட்டான்" என்றால் பெரும்பாலும் நடந்தது இதுதான்.

இன்னொரு விபத்து ஸ்டேல்மேட்: ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் ஆட எந்த நகர்வும் இல்லை, ஆட்டம் சமன். ராணியோடு தனி ராஜாவை விரட்டும்போது கண்ணை மூடி முன்நகர்வு போடுபவர்கள் இதில் விழுவார்கள். கோட்டை இரண்டு இருந்தால் ஏணிப்படி போல வரிசை வரிசையாகத் தள்ளும் மேட் பாதுகாப்பானது. பத்துச் செக்கனில் அதைச் செய்யும்வரை பழகுங்கள்.

சிக்னல், குளிர், செட்டிங்

கொரோனா காலத்தில் ஒன்லைன் வகுப்புக்கு மலையேறிச் சிக்னல் தேடிய பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. லயத்துக்குள் ஒரு கோடு, வாசலில் மூன்று கோடு. செஸ்ஸுக்கு டேட்டா மிகக் குறைவாகத்தான் போகும். ரீலோட் பற்றிக் கவலை வேண்டாம். சிக்கல் தாமதத்தில். நகர்வு சேர்வருக்குப் போய் வர 0.2 செக்கன் என்று வைத்தால் 40 நகர்வுக்கு 8 செக்கன். லீசெஸ் சேர்வர்கள் பிரான்ஸில் இருப்பதால் நமக்குக் கொஞ்சத் தாமதம் எப்போதும் உண்டு. தளங்கள் அதை ஓரளவுக்கு ஈடுசெய்கின்றன. ஆனால் சிக்னல் விட்டு விட்டு வந்தால் ஈடு போதாது. இணைப்பு அறுந்தால் கடிகாரம் உங்களுக்காகக் காத்திராது. லீசெஸ்ஸில் உங்கள் பெயரைத் தட்டினால் வரும் பட்டியலில் தாமதம் மில்லிசெக்கனில் தெரியும். அந்த எண் மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தால் அன்றைக்குப் புல்லட் வேண்டாம். 3+2 அல்லது 5+3 ஆடுங்கள்; கூடுதல் அந்த இழப்பை விழுங்கிக்கொள்ளும். மழை நாளில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் கட்டாயம்.

நுவரெலியாவில் தை மாதக் காலையில் விரல் விறைத்திருக்கும். காயை இழுத்து விடும்போது ஒரு கட்டம் முந்தியே கைதவறி விழும். காயைத் தொட்டு, போகவேண்டிய கட்டத்தைத் தொடும் முறைக்கு மாறினால் இது குறையும். செட்டிங்கில் நகர்வை உறுதிசெய்யக் கேட்கும் தெரிவை நிறுத்துங்கள். சிப்பாய் கடைசி வரிசை சேர்ந்ததும் தானாக ராணியாகும் தெரிவைப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு செக்கன் மிச்சம். ஆனால் ராணியானதும் ஸ்டேல்மேட் ஆகுமா என்று பார்த்துவிட்டே தள்ள வேண்டும்.

ஆடி முடித்தபின்

பத்து ஆட்டம் ஆடினால் ஒன்றையாவது திறந்து பாருங்கள். கணினி எந்த நகர்வைப் பிழை என்கிறது என்பதற்கு முன், ஒவ்வொரு நகர்வுக்கும் எத்தனை செக்கன் எடுத்தீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். லீசெஸ் அதை வரைபடமாகவே காட்டும். உயரமான கோடுகள் மூன்று நாலு இருக்கும். அவை வளைவில் வந்தவையா, நேர்ப்பாதையில் வந்தவையா? நேர்ப்பாதையில் 20 செக்கன் நின்றிருந்தால் அந்த நிலையை மட்டும் குறித்து வைத்து, அதே தொடக்கத்தை அடுத்த நாள் 10+0இல் இரண்டு தடவை ஆடுங்கள். மூன்றாம் நாள் பிளிட்ஸில் அதே நிலை வந்தால் அந்தக் கோடு எவ்வளவு குட்டையாகியிருக்கிறது என்று திரும்பவும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.